ஊறின்றி விலக்கல்

உயிர்களெல்லாம் இறைவனுக்கு அடிமை. உலகமோ அவ்வுயிர்கள் தத்தம் வினைப்பயனை நுகர்ந்து கழித்தற்பொருட்டு அவன் கூட்டிய இடம். இவ்விரண்டனையும் உடன்பட்டார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பேயாம். ஓரிடத்து உணவையே இரண்டுயிர்கள் நாடிவரின் செய்யக்கடவது யாது? உழவனொருவன் நான்கு திங்கள் பாடுபட்டு விளைத்த நிலக்கடலையைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவிற் கிளறிவிட்டுப் போகின்றது. பொழுது புலர்வதற்குள் யானை ஒரு வாழைத்தோட்டத்தை வெறுநிலமாக்குகின்றது. அவ்விலங்கைக் கொல்லுதல் தகுமோ? கொல்லாது பொறுத்திருப்பின் உழவன் மக்கள் பசித்திருத்தல் தகுமோ? கொலைக்கும் இழப்பிற்கும் இடையே ஒரு நெறியுண்டு. அஃது ஊறு செய்யாது விலக்குதல். அந்நெறியுள்ளும், இயற்கைப் பொருள்களின் நாற்றத்தாலும் புகையாலும் பெருவிலங்குகளை விலக்கும் முறை இந்நாளிற் பலவிடத்தும் பேசப்படுகின்றது. அம்முறை எவ்வளவிற் பயன்படும், எவ்வளவில் அறமாகும் என்னும் இரண்டும் ஆராயற்பாலன.

வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியிற் கணியம்பாடி உளது. அதனையடுத்து அமிர்திக் காடும், அதற்கப்பால் ஜவ்வாது மலைத்தொடரும் அமைந்துள்ளன. மணப்பொருளொன்றின் பெயரோடு ஒத்த பெயருடைய அம்மலை சந்தன மரங்களுக்கும் பேர்பெற்றது. மலையடிவாரத்து நிலங்களுக்குக் காட்டுப்பன்றியே நாட்பகை. யானையும் இப்பகுதிக்குப் புதிதன்று. 1980-களில் ஒசூர்ப் பக்கத்துக் காடுகளினின்றும் வடக்கே பெயர்ந்த யானைகள் ஆந்திரநாட்டுச் சித்தூர் மாவட்டத்திற் கௌண்டின்யக் காட்டிற் குடிகொண்டன. அங்கிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வயல்களுக்கு அவை இறங்கி வருதலுண்டு. ஜவ்வாது மலைப்புறத்தும் ஒரு சிறு கூட்டம் பல்லாண்டு திரிந்தது. பயிரழிவும் உயிரழிவும் நேர்ந்தமையால், 2013-ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக் காடுகளில் ஆறு யானைகள் பிடிக்கப்பட்டு வேற்றிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன.

விலங்கைத் தடுத்தற்கு மக்கள் கைக்கொண்ட வழிகளிற் சில நினைத்தற்கும் கொடியன. உண்ணும் பொருளினுள்ளே வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் வாயைச் சிதைத்துவிடும். வாய் சிதைந்த விலங்கு உடனே இறவாது. உண்ணவும் பருகவும் இயலாமல் நாள்பல கிடந்து மாயும். வேலிக்கம்பியிற் களவாக மின்சாரத்தைப் பாய்ச்சுவது மற்றொன்று. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியை அடுத்து அத்தகைய வேலியொன்றில் மூன்று யானைகள் மாண்டன. அவற்றோடு வந்த இரண்டு கன்றுகள் உயிர்பிழைத்துத் தனித்து நின்றன. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2021-ஆம் ஆண்டு சனவரியில் நீலகிரி மசினகுடியில் ஒரு யானைமீது எரிகின்ற பொருளை வீசினர். புண்பட்ட அவ்யானை மாண்டது. இவை அந்நாளிலேயே நாடெங்கும் அறியப்பட்டவை.

இக்கொடுமைகளுக்கு மாறாகக் கூறப்படுவதே நாற்றத்தால் விலக்கும் முறை. விலங்குகளின் மூக்கு எத்தகையதென்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மணமறியும் கருவிகளை உடம்பில் அமைக்கும் மரபணுக்கள் மக்களிடத்து ஏறக்குறைய 400, நாயினிடத்து ஏறக்குறைய 800, ஆப்பிரிக்க யானையினிடத்து ஏறக்குறைய 2,000 என 2014-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். கென்யா நாட்டு அம்போசெலியில் 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று இன்னும் வியத்தற்குரியது. அங்கே வேலெறிந்து யானையைக் குத்தும் வழக்கமுடைய மாசாய் மக்கள் உடுத்த ஆடையையும், உழுதுண்ணும் காம்பா மக்கள் உடுத்த ஆடையையும் யானைகளின் முன்னே வைத்தனர். யானைகள் முன்னதன் நாற்றம் பட்டவுடனே பெரிதும் அஞ்சி நெடுந்தொலைவு ஓடின; பின்னதற்கு அத்துணை அஞ்சவில்லை. தமக்குத் தீங்கு செய்தார் யாவர், செய்யாதார் யாவர் என்பதனை அவை மூக்கினால் அறிந்து நினைவில் வைத்துள்ளன. மனிதன் செய்த தீங்கு அவன் மேனி நாற்றத்தோடு கலந்து, அவன் போன பின்னரும் காற்றில் நின்று சான்று கூறுகின்றது என்க.

யானைகள் தம்முள்ளே நாற்றத்தைப் பயன்படுத்தும் முறையும் அறியத்தக்கது. மதயானையின் கன்னத்து நீரை வண்டு மொய்ப்பதாகப் பழம்புலவர் பாடுவதை வெறும் புனைந்துரையென எண்ணியவர் உளர். 2002-ஆம் ஆண்டில் ராஸ்முசென் அம்மையாரும், தமிழ்நாட்டின் புகழ்பெற்ற யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியும் மற்றொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி அப்பாட்டிற்கு அடிப்படையுண்டென்று காட்டிற்று. இளங்களிற்றின் மதநீர் தேன்போல் மணக்கும்; முதிர்ந்த களிற்றின் மதநீரோ வெறுக்கத்தக்க வன்னாற்றமுடையது. தேன்மணம், ‘யான் இளையேன், போருக்கு வந்தேனல்லேன்’ என்று முதிர்ந்த களிற்றுக்கு அறிவிக்கின்றது. வன்னாற்றமோ, ‘அணுகாதே’ என்று இளையவற்றை எச்சரிக்கின்றது. இருபுறத்தும் தந்தம் தாக்குமுன்னரே பகை தணிகின்றது. ஆகவே நாற்றமென்பது யானையுலகத்தில் ஒரு தூது. போர் நேராமைப் பொருட்டு உடம்பிற்கு முன்னே சென்று செய்தி கூறும் தூது.

இக்கருத்தே இங்கு நாடற்பாலது. படையெடுக்குமுன் தூதனுப்புதல் நம்மவர் அறிந்த அறம். எல்லாம் வல்ல முருகப்பெருமானும் சூரபன்மன்பால் வீரவாகு தேவரைத் தூதாக அனுப்பிய பின்னரே போர் தொடங்கினார் எனக் கந்தபுராணம் கூறும். வெல்லும் வலிமையின்மையால் அனுப்பிய தூதன்று அது. பகைவனுக்கும் திருந்துதற்கு இடங்கொடுத்த கருணை. மறைத்து வைத்த மின்கம்பிக்கும் வெளிப்பட வைத்த நாற்றத்திற்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கும். கம்பி ஒன்றும் அறிவியாது. அறியாது வந்த உயிரை அறியாமைக்காகவே கொல்லும். நாற்றம் முன்னே அறிவித்து, அறிந்து திரும்புதற்கு இடந்தரும். கம்பி விலங்கை வெற்றுடலாக நினைக்கின்றது. நாற்றம் அதனை அறிவுடைய பசுவாக, சொன்னால் உணரும் உயிராக நினைக்கின்றது. இவ்வேற்றுமை கருவியளவில் நிற்பதன்று. செய்வானது மனநிலையைப் பற்றியது.

பயிர்காத்தலில் இக்கருணை நெறி புதியதுமன்று. வேலூர் மாவட்டத்துக் காட்பாடி வட்டத்திலுள்ள வள்ளிமலை, வள்ளிநாயகியார் தினைப்புனங் காத்த இடமென்று போற்றப்படுவது. அம்மையார் பரண்மீதிருந்து ஆலோலமென்னும் ஓசையாலே புள்ளினத்தை ஓட்டினார். கொன்று குவித்தல் காவலாகாது. விலக்குதலே காவல் என்பது அப்புனத்தின் வழக்கு. அவ்வோசை செய்த தொழிலையே இன்று நாற்றத்தினாற் செய்ய முயல்கின்றனர்.

செய்முறைகள் பலவாம். மிளகாய்த் தூளைச் சாணத்தோடு பிசைந்து உலர்த்தி, இரவில் வயலோரத்தில் மூட்டிப் புகையெழுப்புவது ஒன்று. மிளகாயும் மசகெண்ணெயும் கலந்து கயிற்றிற் பூசி வயலைச் சுற்றிக் கட்டுவது மற்றொன்று. 1990-களில் ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் இவை ஆராயப்பட்டன. பின்னர் நம் நாட்டு அசாமிலும் கைக்கொள்ளப்பட்டன. கென்யாவில் லூசி கிங் என்பார், யானை தேனீக்கு அஞ்சுதலைக் கண்டு, தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியிற் கோத்து வேலியாக்கினார்; அவ்வேலி பயிரையும் காத்து உழவர்க்குத் தேனும் தந்தது. தேனீக்கள் அச்சத்தின்போது வெளிப்படுத்தும் நாற்றத்தை மாத்திரம் வைத்தாலும் யானைகள் பின்வாங்குதல் தென்னாப்பிரிக்காவிற் செய்த சோதனையால் 2018-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. காட்டுப்பன்றிக்குக் கந்தகமும் எண்ணெயும் ஊட்டிய தேங்காய்நார்க் கயிறும், அழுகிய முட்டைக் கரைசலும், வரப்போரத்திற் பரப்பிய மயிர்க்கழிவும் நம் நாட்டில் வழங்குவன. பன்றி நிலத்தை மோந்துகொண்டே இரைதேடுவதாகலின், மூக்கினிடத்து நேரும் சிறு வெறுப்பும் அதனைத் திருப்பவல்லது.

இனி, இத்தூதினுக்கு வேண்டும் இலக்கணம் மூன்று.

முதலாவது, தூது தான் செல்லுமிடத்து ஊறு செய்யலாகாது. ஊறென்னுஞ் சொல் தமிழில் தீண்டலையும் தீங்கையும் உணர்த்தும். நாற்றம் தீண்டாமலே அறிவிப்பது. ஆயினும் மிளகாய்ப்புகை முற்றும் அத்தகையதன்று. மிளகாயின் காரப்பொருள் மணத்தை அறியும் நரம்பைக் காட்டிலும், சூட்டையும் நோவையும் அறியும் நரம்பையே மிகுதியாகத் தாக்குகின்றது. இதனை உணரும் வாயிலைக் கண்டறிந்து 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட டேவிட் ஜூலியசுக்கு 2021-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மிளகாய்ப்புகை துன்பமே செய்யாதது என்பார் கூற்று மிகைக்கூற்றாம். அது தசையைச் சிதையாது, உறுப்பைக் கெடாது, புகை நீங்கினால் நோவும் நீங்கும் என்பதே உண்மை. சிறிது நேர எரிவையும், வாய் சிதைந்து மாயும் சாவையும் ஒருதட்டில் வைத்தல் பொருந்தாது. அதுபற்றி எரிவைப் பெருக்குதலும் பொருந்தாது. திரும்புதற்கு வேண்டும் அளவினும் மிக்க புகை கொடுமையேயாம்.

இரண்டாவது, தூது பொய் கூறலாகாது. இது வெறும் அறமொழியன்று. பயனும் இதனையே பற்றி நிற்கின்றது. தேனீ இல்லாத விடத்துத் தேனீயின் நாற்றத்தையும், புலி இல்லாத விடத்துப் புலியின் நாற்றத்தையும் நாடோறும் வைப்பின், நினைவாற்றல் மிக்க விலங்கு சின்னாளில் அதன் வறுமையைக் கண்டுகொள்ளும். குற்றந்தீர்ந்த நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின்பாற்படும் என வள்ளுவர் இடங்கொடுத்தாரே எனின், ஒருமுறை கூறி உயிர்காத்த பொய்க்கு அவ்விடம் பொருந்தும். பல்கால் கூறி வெளிப்பட்ட பொய் ஒருவரையும் காவாது. சுமத்திரா தீவின் வே கம்பாசுக் காட்டோரத்திற் செய்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்குத் துணைசெய்யும். அங்கே மக்கள் விழித்திருந்து விளக்கோடும் ஒலியோடும் காத்த வயல்கள் நன்கு காக்கப்பட்டன. அக்காவலோடு மிளகாய்க்கயிற்றைக் கூட்டியதனாற் குறிப்பிடத்தக்க மிகுபயன் காணப்படவில்லை. மழை கயிற்றைக் கழுவிவிடும். காற்றுத் திரும்பினாற் புகை உழவன் வீட்டையே நிறைக்கும். ஆகவே தூதனை விடுத்த அரசன் தான் உறங்குதல் ஆகாது. பின்னே காவல் நிற்கும்போதே முன்னே சென்ற நாற்றம் மெய்யாகும். ஊரார் முறைவைத்து விழித்திருத்தலின்றி, கடையில் வாங்கிய புட்டியொன்று வயலைக் காக்குமென்று நம்புதல் வீண்.

மூன்றாவது, செய்தி கேட்டார்க்குத் திரும்பிச் செல்ல ஓரிடம் இருத்தல் வேண்டும். இதுவே மூன்றினுள்ளும் தலையாயது. பெரும்பாலும் மறக்கப்படுவதும் இதுவே. ‘அணுகாதே’ என்னும் சொல்லுக்குப் பொருள், ‘உன்னிடத்தில் இரு’ என்பது. உன்னிடம் என்று காட்டுதற்கு ஒன்றும் இல்லாதபோது அச்சொல் ‘இறந்துபோ’ என்பதாக முடியும். வயல்விளிம்பில் நாற்றத்தை வைத்தல் தகும். யானை வழிவழியாகச் செல்லும் தடத்திலும், அது நீருண்ணும் துறையிலும் வைத்தல் தகாது. ஊரைச் சுற்றிக் காப்பது ஒன்று. காட்டைச் சுற்றி வளைப்பது வேறொன்று. கோடையிற் காட்டுக்குட்டைகள் வற்றாது காத்தலும், தடங்களைக் கட்டடங்களால் அடையாது விடுதலும் இத்தூதின் உறுப்புக்களேயாம்.

இவ்விடத்து ஒரு தடை எழும். இறைவன் உயிர்களை ஒறுத்தலும் அருளே. தந்தையும் தாயும் சொல்வழி வாராத மகவை அடித்தல் அன்பினாலேயாம் எனச் சித்தியார் விளக்கும். அம்மறக்கருணை போல விலங்கை அடித்து விரட்டுதலும் அறமாகாதோ எனின், ஆகாது என்க. இறைவன் ஒறுத்தல் ஒறுக்கப்படும் உயிரின் நலத்திற்காக. உழவன் விரட்டுதல் தன் நலத்திற்காக. தன் நலத்திற்குச் செய்வதனை அருளெனப் பெயரிடுதல் தன்னையே ஏமாற்றுதலாம். தன் மக்களைக் காத்தல் உழவனுக்குக் கடமை. அதற்கு வேண்டுமளவே அவனுக்கு உரிமை. அதற்கு மேற்பட்டதெல்லாம் சினத்தின் தொழில்.

அற்றேல், எறிபத்த நாயனார் கருவூரிற் பட்டத்து யானையை மழுவால் வீழ்த்தினாரே எனின், அவ்வரலாற்றை முழுதும் நோக்குதல் வேண்டும். அவர் தம் பொருளைக் காத்தற்குக் கொன்றாரல்லர். சிவகாமியாண்டார் இறைவனுக்குக் கொண்டுசென்ற பூவைச் சிதைத்ததற்காகக் கொன்றார். புகழ்ச்சோழர் குற்றந் தமதென்று வாளை நீட்டியபோது, நாயனார் அவ்வாளாலே தம் கழுத்தை அரியத் துணிந்தார். உயிரொன்றை எடுத்தலின் பளுவை அத்துணை உணர்ந்தார் அவர். முடிவில் இறைவனருளால் யானையும் பாகரும் எழுந்தனர். வீழ்ந்த யானையை எழுப்ப வல்லவன் ஒருவனே. எழுப்பமாட்டாதார் அவ்வரலாற்றைத் தமக்குத் துணையாகக் காட்டுதல் பெருந்தவறு.

பன்றியோ இழிந்த விலங்கு; அதற்கும் இவ்வாராய்ச்சி வேண்டுமோ என்பாரும் உளர். பாண்டியன் வேட்டையில் தாயும் தந்தையும் இறக்க, பாலின்றிக் கதறிய பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு ஆலவாய்ப் பெருமான் தாய்ப்பன்றியாகி முலைகொடுத்த திருவிளையாடலை ஓதும் சைவர்க்கு அவ்விழிவு கூறும் வாய் எங்ஙனம் வரும்? தமிழ்நாட்டரசு 2025-ஆம் ஆண்டு சனவரியில் வகுத்த நெறியும் படிமுறையாகவே அமைந்தது. காப்புக்காட்டினின்றும் ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது; ஒன்றுமுதல் மூன்றுவரை பிடித்துக் காட்டில் விடவேண்டும்; மூன்றுக்கு அப்பால் வனத்துறையாரே சுடலாம் என்பது அது. இந்நெறியிற் கொலை கடைசிப்படியாக நிற்கின்றது. அப்படிக்கு ஏறாமற் காக்கும் முதற்படிகளுள் நாற்றம் ஒன்று.

நாற்றத்தால் விலக்கப்படுதலின் துன்பத்தை வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதியினர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிட்ட தொழில், பின்னர் வேதிப்பொருள்களால் நடைபெற்றுப் பாலாற்று நீரையும் நிலத்தையும் கெடுத்தது. 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளிக்கும் அளவிற்கு அக்கேடு வளர்ந்தது. கிணற்றுநீர் கெட்டவர் யாண்டுச் செல்வர்? ‘திரும்பிச் செல்ல இடம்’ என்னும் மூன்றாம் இலக்கணம் மக்களுக்கும் ஒக்கும்.

இதனினும் ஆழ்ந்த தீமை வேறொன்றுளது. தோலின் நாற்றத்தை வெறுத்தவர், தோற்றொழில் செய்தாரையே வெறுத்தனர். பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கோயில்தோறும் உதவிய திருநாளைப்போவார் அக்கோயிலின் வெளியே நிற்கவேண்டியதாயிற்று. முழவின் ஓசையை ஏற்ற செவிகள், அதனைத் தந்த கையை ஏற்கவில்லை. திருப்புன்கூரிலோ இறைவன் அவ்வன்பர் காணுமாறு இடைநின்ற நந்தியை விலகச் செய்தான். விலக்குதல் வெறுப்பாக மாறுதற்கு இடங்கொடுத்தலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. நாற்றத்தை அஞ்சி யானை ஓடும்போது கைகொட்டி நகைப்பவன், பயிரைக் காத்தாலும் நெஞ்சைக் காத்தானல்லன்.

ஆகவே கருதற்பாலது இது. ஊறின்றி விலக்கல் கொலையினும் பன்மடங்கு உயர்ந்தது; ஆயினும் ஊறின்மை ஒன்றினாலேயே அஃது அறமாகி நிறைவுறாது. அளவறிந்து செய்தலும், விழித்திருந்து மெய்யாக்கலும், விலகிய உயிர்க்கு அதன் காட்டையும் நீரையும் வழியையும் விட்டுவைத்தலும் கூடியபோதே அது நிறையும். பன்றியும் யானையும் உழவனும் ஒருவன் உடைமைகள். அவ்வுடைமைகளுள் அறிவு மிக்கதொன்று அறிவு குறைந்ததற்கு விடுக்கும் செய்தி, ‘இஃது என் எல்லை, அஃது உன் எல்லை, இரண்டும் நம்மை ஆள்வான் தந்தவை’ என்பதாக இருத்தல் வேண்டும். வயலோரத்து எழும் புகை அச்செய்தியை ஏந்திச் செல்லுமாயின், அதுவும் ஒரு தொண்டேயாம்.

திருச்சிற்றம்பலம்.